மதியம் திறக்காத கதவு

அத்தியாயம் 9

கிருஷ்ணப்பன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இரும்புக் கதவைப் பற்றி இதுவரை நிறையப் பேசிவிட்டோம். ஆனாலும் இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் காபியை முடித்துக்கொள்ளலாம்.

ஓசூர் சிப்காட் பக்கத்தில் கிருஷ்ணப்பனுக்குத் தக்காளித் தோட்டம் இருந்தது. கம்பெனிகள் வந்தன, தோட்டம் போனது, அதே இடத்தின் ஓரத்தில் நான்கு மாடிக் கட்டடம் எழுந்தது. முதல் மாடியில் குடும்பம். மேலே எல்லாம் வாடகைக்காரர்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பகல் வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அவர் வீடு கொடுப்பார். நைட் ஷிப்ட் ஆட்கள் என்றால் வாசலோடு சரி. அதனால் பகலில் அந்தக் கட்டடத்தில் வீட்டுக்காரர் குடும்பத்தைத் தவிர ஈ காக்கை இருக்காது.

கீழே இருக்கிற கதவுக்கு எல்லோரிடமும் ஒரு டேக் உண்டு. விரல் அகலத்துக்கு நீல நிற பிளாஸ்டிக் வில்லை. சுவரில் இருக்கும் பெட்டியில் தட்டினால் பூட்டு திறக்கும். வீட்டு மனிதர்கள் தட்டினால் மட்டும் கிருஷ்ணப்பனின் செல்போனுக்கு ஒரு மெசேஜ் போகும். யார், உள்ளேயா வெளியேயா என்று அதில் இருக்கும்.

இந்த மாதிரிக் கதவுகளில் உள்பக்கம் ஒரு பட்டன் வைத்திருப்பார்கள். வெளியே போகிறவர் அதை அழுத்திவிட்டுப் போகலாம். இங்கேயும் இருந்தது. ஒரு வாடகைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் சாமான் செட்டோடு கிளம்பிப் போனதிலிருந்து, வெளியே போகவும் டேக் தட்டியாக வேண்டும் என்று கிருஷ்ணப்பன் பட்டனைப் பிடுங்கிவிட்டார். பட்டன் இருந்த ஓட்டையின் மேல் பிள்ளையார் படம் போட்ட டைலை ஒட்டிவிட்டார். பிள்ளையாரைப் பெயர்க்க எவனுக்குத் துணிச்சல் வரும் என்பது அவர் கணக்கு. இப்போது எல்லோரும் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு டேக் தட்டுகிறார்கள்.

இந்தக் கதவுக்கு ஒரே ஒரு வியாதி. மருமகள் சுஜாதாவுக்கு மட்டும் மதியத்தில் திறக்காது. காலையில் திறக்கும், சாயங்காலம் திறக்கும். நடுவில் சிவப்பு விளக்கு எரியும். அவள் "மாமா" என்று கூப்பிட வேண்டும். கிருஷ்ணப்பன் முட்டி வலியோடு கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்து, தன் டேக்கைத் தட்டி, "எங்கம்மா கெளம்பிட்ட?" என்று கேட்பார். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் மூன்று வருடம் ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டே இருக்க முடியுமா? சுஜாதா மதியத்தில் வெளியே போவதையே விட்டுவிட்டாள்.

போன வாரம் இரண்டு விஷயம் நடந்தது. முட்டி வலி தாங்காமல் கிருஷ்ணப்பன், "இந்த சனியனைக் கழட்டிட்டு முகம் பார்த்துத் திறக்கிற புது மெஷின் போடலாம்" என்றார். மகன் ஹரீஷ்குமார் மட்டும், "இன்னும் நல்லாத்தானே ஓடுது" என்று முனகினான். அன்றைக்கே சுஜாதாவுக்குப் போன் வந்தது. கார் சென்சார் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியர் வேலை. புதன்கிழமை மூன்று மணிக்குள் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார்கள். பர்கூர் அரசுக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மூன்று வருடமாகச் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறவள் அவள். அப்பாவிடம் தானே சொல்லிச் சம்மதம் வாங்குவதாக ஹரீஷ் வாக்குக் கொடுத்தான்.

இன்றைக்குப் புதன்கிழமை.

* * *

"மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று சுஜாதா கேட்டாள்.

ஹரீஷ் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான். ஒரு லேஸைக் கட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

"இன்னைக்கு வேணாம் சுஜி. கெலமங்கலத்துல பெரியப்பா சம்பந்தி தவறிட்டாரு. அப்பா துக்கத்துக்குப் போறாரு. அந்த மூடுல போயி எப்படிப் பேசறது?"

"மூணு மணிக்குள்ள நான் அங்க இருக்கணுங்க."

"போ. யாரு வேணாங்கறா? நீ போயிட்டு வந்துடு. சாயந்தரம் நான் பக்குவமா சொல்லிக்கறேன்." எழுந்தவன் வாசலில் நின்றான். "அந்த மெஷின்காரரு வெங்கட் வர்றாருல்ல? பழசை நோண்ட வேணாம்னு சொல்லு. புதுசுக்கு என்ன வேணும்னு மட்டும் பாத்துட்டுப் போகட்டும்."

கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணப்பனும் கிளம்பினார். கெலமங்கலத்து உறவுக்காரரிடம் போனில், "பர்த்தீனி, பர்த்தீனி" என்று கன்னடத்தில் வருவதாகச் சொல்லிக்கொண்டே வேட்டியை இறுக்கினார். பூட்டின் சாவி அவர் இடுப்பில்தான் எப்போதும் இருக்கும். டேக் சட்டைப் பையில்.

"எல்லாம் நீயே பேசி முடிவு பண்ணிடும்மா. படிச்சவ, உனக்குத் தெரியும்" என்றார். "வர்றவன் மூஞ்சியும் தெரியணும், போறவன் மூஞ்சியும் தெரியணும். நீ மத்தியானம் கூப்பிட்டு நான் எறங்கி வர்ற வேலை மட்டும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

சுஜாதா தலையாட்டினாள். வேலை விஷயத்தை அப்போதே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. துக்கத்துக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம்தான்.

அவள் போட்டிருந்த திட்டம் சுலபமானது. வெங்கட் பத்து மணிக்கு வருவார், பதினொன்றுக்குள் முடித்துவிடுவார். கதவு மக்கர் செய்யும் நேரத்துக்கு முன்னாலேயே அவரோடு சேர்ந்து தானும் வெளியே போய்விடலாம். மாமியார் ராஜாத்தி அத்தையிடம் ராயக்கோட்டையில் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னால் போதும். அத்தை ஏன் எதற்கு என்று கேட்கிறவர் இல்லை.

திட்டத்தில் ஒரே கோளாறு, வெங்கட் பத்து மணிக்கு வரவில்லை. ஹைவேயில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். வியர்வையோடு அவர் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. சுஜாதாதான் மேலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டாள். அப்போது ஒரே தட்டில் திறந்தது.

* * *

வெங்கட் நிதானமான மனிதர். வேறு நாளாக இருந்தால் சுஜாதாவுக்கு அவரைப் பிடித்திருக்கும். கதவை அளந்தார், கம்பிகள் போகும் வழியைப் பார்த்தார், எத்தனை குடித்தனம், யார் யாருக்கு எந்தக் கதவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கரண்ட் போச்சுன்னா பூட்டு திறந்துக்குமா மேடம்?"

"முன்ன திறந்துச்சு. மாமா அதை மாத்திட்டாரு. இப்ப பூட்டினபடியே இருக்கும்."

"அப்ப தீ கீ பிடிச்சா?"

இத்தனை நாள் அதை யோசிக்காமல் எப்படி இருந்தோம் என்று சுஜாதாவுக்குத் திக்கென்றது.

"உள்பக்கம் பட்டன் கண்டிப்பா வேணும் மேடம். அது இல்லாம எங்க கம்பெனியில மாட்டித் தர மாட்டாங்க. எங்க வெக்கலாம்?"

சுஜாதா பிள்ளையாரைக் காட்டினாள். வெங்கட் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். "இதை நீங்களே பெரியவங்களைக் கேட்டு எடுத்துக் குடுத்துடுங்க" என்றார்.

மணி பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. சான்றிதழ் பை அவள் தோளில் தயாராகத் தொங்கியது.

"கடைசியா ஒண்ணு. பழைய மெஷின்ல கம்ப்ளெய்ன்ட் என்னன்னு சொல்லிட்டீங்கன்னா, புதுசுல அது வராம பாத்துக்கலாம்."

"என் டேக்கை மட்டும் மத்தியானத்துல படிக்காது. வெயில் ஏறினா மெஷின் சூடாயிடுதாம். எங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

"பெரியவரு டேக்?"

"அது படிக்கும். அது மாஸ்டர் டேக், பவர் அதிகம்னு..."

சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. டேக்குக்கு ஏது பவர்? உள்ளே பேட்டரியே கிடையாது. பர்கூரில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண்ணைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவாள். இவளுக்கும் தெரியும். ஆனால் சொன்னவன் கணவன். கட்டினவன் சொல்வதை சர்க்யூட் போட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"இன்னைக்கு மேகமூட்டம்தானே மேடம். காலையிலருந்து வெயிலே இல்ல" என்றார் வெங்கட். "எங்க, தட்டுங்க பார்ப்போம்."

பிள்ளையாரைத் தொடாமலே தட்டினாள். பீப், பீப். சிவப்பு.

வெங்கட்டின் முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. சுஜாதா தன் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துப் பெட்டியில் தட்டினாள். சத்தமே இல்லை. மறுபடி டேக்கைத் தட்டினாள். பீப், பீப்.

"படிக்கலைன்னா சத்தமே வராது" என்று மெதுவாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். "ரெண்டு தடவை கத்துதுன்னா, படிச்சிருக்கு. யாருன்னும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே விடமாட்டேங்குது."

"உங்க டேக்குக்கு டைம் போட்டிருக்காங்க மேடம், இந்த நேரத்துல திறக்கக் கூடாதுன்னு" என்றார் வெங்கட், அவளைப் பார்க்காமல். "இந்தக் கம்பெனிங்கள்ல எல்லாம் போடுவாங்க. ஷிப்ட் ஆளுங்களுக்கு. வீட்டுல போட்டு நான் பாத்ததில்ல. பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

மாமாவுக்கு மெசேஜைத் திறந்து படிப்பதைத் தவிரப் போனில் வேறு ஒன்றும் தெரியாது. மெஷினை மாட்டிய நாளிலிருந்து பாஸ்வேர்டு ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. அதைத் திறக்கிற பழைய லேப்டாப்பும் அவன் பையில்தான் தினமும் ஆபீஸுக்குப் போய் வந்தது.

* * *

ஹரீஷைக் கூப்பிட்டு, வெங்கட் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்தான் போட்டாள்.

"வெங்கட் பாஸ்வேர்டு கேக்கறாரு."

"எதுக்கு? பழசை நோண்ட வேணாம்னு சொன்னேன்ல?"

"என் டேக்குக்கு டைம் போட்டது நீங்களா?"

வெங்கட் நாகரிகம் தெரிந்தவர். வண்டி நிறுத்துமிடத்தின் கோடிக்குப் போய், தன் பைக்கை முதல் தடவை பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுஜி, சாயந்தரம் வந்து பேசறேன்."

"நீங்களா?"

"கல்யாணமான புதுசுல போட்டது. அப்ப நீ நெனைச்சா ராயக்கோட்டைக்குக் கெளம்பிடுவ. உன்னோட பழைய காலேஜ் ஃப்ரெண்ட்ஸைப் பாக்கப் போவ. அப்பா என்னைப் பிடிச்சுக்குவாரு, எங்க போனா, எதுக்குப் போனான்னு. போகாதன்னு உங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. கேக்காதீங்கன்னு அவருகிட்டயும் சொல்ல முடியல. கதவே திறக்கலைன்னா யாருக்கும் யார் மேலயும் கோவம் இல்ல பாரு. எல்லாரும் மெஷினைத் திட்டிட்டுப் போயிடுவாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. மூன்று வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் மெஷினைத்தான் திட்டினார்கள். முட்டி வலியோடு படி இறங்கிய அப்பாவும் திட்டினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வலியையாவது மிச்சம் பிடித்திருக்கலாம். அதற்கும் அவனுக்கு வாய் வரவில்லை.

"எல்லாருக்கும் போட்டீங்களா, எனக்கு மட்டுமா?"

"எனக்கும் அப்பாவுக்கும் எதுக்கு? அம்மாவுக்கும் போடல. அம்மா எங்க போகப் போறாங்க?"

படியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சுஜாதா திரும்பினாள். மாமியார் ராஜாத்தி இரண்டு டம்ளர் காபியோடு நடுப்படியில் நின்றிருந்தார். மெஷின்காரருக்கும் மருமகளுக்கும் கொண்டுவந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"எனக்கு மூணு மணிக்குள்ள போகணும்" என்றாள் சுஜாதா போனில். "மாமா சாவியோட கெலமங்கலத்துல இருக்காரு. நீங்க வந்து திறந்து விடுங்க."

"இன்னைக்கு ஆடிட் சுஜி. அஞ்சு மணி வரைக்கும் நகர முடியாது. அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி நாளைக்கு வரேன்னு சொல்லேன். நாளைக்குக் காலையில கதவு திறக்கும்ல, காலையில போ."

நாளைக்குக் காலையில கதவு திறக்கும்ல. இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. நல்ல யோசனை சொன்ன திருப்திதான் இருந்தது. சுஜாதா போனை வைத்துவிட்டாள்.

கதவின் கம்பியைப் பிடித்து இரண்டு கையாலும் உலுக்கினாள். இரும்பு லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். தெருவில் தண்ணி லாரி ஒன்று போனது. டிரைவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் என்னவென்று சொல்லிக் கூப்பிடுவாள்? சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு திறந்து விடுங்கள் என்றா? அவளுக்கு அழுகை வரவில்லை. மேலே போய் அரிசி களையும் நேரமாகிவிட்டது என்று கால் தானாகப் படியை நோக்கித் திரும்பியது. அதைக் கண்டுதான் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெங்கட் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் ரெண்டு மணிக்கு பர்கூர்ல ஒரு வேலை இருக்கு. நானும் வெளிய போகணும்."

"பூட்டை உடைக்க முடியுமா?"

"கழட்டணும்னா வெளிப்பக்கம் இருந்துதான் கழட்டணும். உடைச்சா எங்க கம்பெனி மேல பெரியவரு கேஸ் போட்டுடுவாரு."

கதவைப் பற்றி எல்லாம் தெரிந்த இரண்டு பேர் கதவுக்கு உள்ளே நின்றார்கள்.

ராஜாத்தி இறங்கி வந்தார். ஒரு டம்ளரை வெங்கட்டிடம் கொடுத்தார். இன்னொன்றை சுஜாதாவின் பக்கத்தில் படியில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி மேலே போனார். அத்தையும் இப்படித்தானா என்று சுஜாதாவுக்கு மனசு கசந்தது.

* * *

இத்தனை வாரமாக ராஜாத்தி இந்தக் கதையில் வாய் திறந்து பேசியது மிகவும் கொஞ்சம். சேலத்து வாசகி ஒருவர் அவரை ஊமை என்றே நினைத்துவிட்டாராம். குற்றம் என்னுடையதுதான். பேசாமல் இருக்கிறவர்களை எழுத்தாளர்களும் கவனிப்பதில்லை.

காபி ஆறுவதற்குள் ராஜாத்தி மறுபடி இறங்கி வந்தார். வேறு புடவை கட்டியிருந்தார். கையில் ஒயர் கூடை, காலில் செருப்பு. கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற செருப்பு அது. தரையில் பட்டு டக் டக்கென்றது.

"தம்பி, இது வேலை செய்யுமா பாரு" என்று கையை நீட்டினார்.

நீல டேக். வாங்கின நாளில் இருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. பீரோவில் நகைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாராம். விலை உயர்ந்த பொருள், தொலைந்துவிட்டால் கிருஷ்ணப்பன் சத்தம் போடுவார் என்று வெளியே எடுக்கவே இல்லை.

"செய்யுங்கம்மா. இது கெட்டுப் போற பொருள் இல்ல" என்றார் வெங்கட்.

சுஜாதா எழுந்து நின்றாள். "அத்தை, இதைத் தட்டினா மாமாவுக்கு உங்க பேரு போகும்."

"போகட்டும்."

"நான் போயிடுவேன். போன்ல நீங்க வெளிய போனதா இருக்கும். மாமா வந்து உங்களை வீட்டுல பாத்தா?"

"அதுக்குத்தான் செருப்பு போட்டிருக்கேன்" என்றார் ராஜாத்தி.

சுஜாதா அவரையே பார்த்தாள். மாமியாரின் கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

"அவன் சொன்னதைக் கேட்டேன்" என்றார். "உனக்குப் பூட்டுப் போட்டிருக்கான். அது தப்புதான். எனக்குப் பூட்டே போடல பாரு. இவ எங்க போகப் போறான்னு விட்டுட்டான். பெத்த புள்ளை. எனக்கு அதுதான் தாங்கல."

சுஜாதா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ராஜாத்தி பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உறையோடு டேக்கைப் பெட்டியில் வைத்தார். நீளமாக ஒரே ஒரு பீப். பச்சை. பூட்டு நகரும் சத்தம் கேட்டது. வெங்கட் பைக்கைத் தள்ளிக்கொண்டு வர, மூன்று பேரும் வெளியே வந்தார்கள், பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெங்கட் வண்டியை உதைத்துவிட்டு, சுஜாதாவைப் பார்த்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. புது மெஷின்ல வீட்டு ஆளுங்களுக்கு டைம் ஏதாவது போடணுமா?"

"யாருக்கும் வேணாம். உள்பக்கம் பட்டன் வைங்க."

"அந்தப் பிள்ளையாரு?"

"அவரைப் பேத்து வெளிப்பக்கம் ஒட்டிடு தம்பி" என்றார் ராஜாத்தி. "அவரும் எவ்வளவு நாளைக்கு உள்ளயே இருப்பாரு?"

வெங்கட் சிரித்துக்கொண்டே போனார். சிப்காட் பக்கம் போகும் ஷேர் ஆட்டோ தூரத்தில் வந்தது. சுஜாதா கையைக் காட்டினாள். அவளுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும். ராஜாத்தி தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். கட்டடம் கட்டிக் குடிவந்த பிறகு ஒரு மதியத்தில்கூட அந்தத் தெருவில் அவர் தனியாக நின்றதில்லை.

கூடைக்குள் போன் அடித்தது. பட்டன் போன். வெளியே எடுத்துக் காதில் வைத்தார். கிருஷ்ணப்பனின் குரல் பக்கத்தில் நின்ற சுஜாதாவுக்கே கேட்டது. பின்னால் சாவு வீட்டு மேளம்.

"உன் டேக்கை யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கல. நான்தான் வெளிய வந்தேன்."



"நீயா? எங்க போற?"

ராஜாத்தி கொஞ்சம் யோசித்தார். ஆட்டோ வந்து நின்றது. சுஜாதா ஏறிக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

"தெரியல. போயிட்டு வந்து சொல்றேன்" என்றார் ராஜாத்தி.

போனைக் கூடைக்குள் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார். கட் செய்ய எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆட்டோ கிளம்பியது. கூடைக்குள்ளிருந்து கிருஷ்ணப்பன், "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.